பாஸ்வேர்டு தெரியாத போன்

"வர்றவன் எல்லாம் யோக்கியனா இருக்கான். இப்படியே போனா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்!" செல்போன் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடையின் முன்பக்கம் ரிப்பேர். பின்பக்கம், திருட்டு போன்களை வாங்கிப் பிரித்து உதிரியாக விற்பது. சோறு போட்டது பின்பக்கம்தான். அதற்கு ஆள் பிடிக்கத்தான் இணையத்தில் காசு கட்டி விளம்பரம் கொடுத்திருந்தார். 'பாஸ்வேர்டு தெரியாத போன் விற்க' என்று யாராவது தேடினால் இவர் கடை முதலில் வந்து நிற்கும். சொந்த போனின் பாஸ்வேர்டு தெரியாமல் எவன் விற்கப் போகிறான்? இந்த யோசனைக்காகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

வந்ததோ, பாஸ்வேர்டை மறந்துபோன ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அப்புறம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு ஒரு மாணவி. பொம்மை போன் இருக்கிறதா என்று கைக்குழந்தையோடு ஓர் அம்மா. ஒவ்வொருவரும் விளம்பரத்தைத் தட்டும்போதும் காசு போனது இவருக்கு.

ஒரு பல் மருத்துவமனைக்கு விளம்பரம் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏங்க, பிராட் மேட்ச்ல போட்டு வெச்சிருக்கீங்களே! அதுக்குக் கிட்டத்தட்ட எதைத் தேடினாலும் உங்க கடையைத்தான் காட்டும். ஊரையே கூப்பிட்டுட்டு, கூட்டம் வந்துடுச்சேன்னு அழுதா எப்படி?"

அடுத்து ஃபிரேஸ் மேட்சுக்கு மாற்றினார்கள். அந்த வார்த்தைகளுக்கு முன்னும் பின்னும் என்ன சேர்த்துத் தேடினாலும் விளம்பரம் வரும். 'பாஸ்வேர்டு தெரியாத போன் விற்க மனசாட்சி உறுத்துகிறது' என்று தேடிய ஒருவன் வந்தான். கடையிலேயே விக்கி விக்கி அழுதுவிட்டு, போனை உரியவரிடமே கொடுக்கக் கிளம்பிவிட்டான். கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

"இனிமே எக்ஸாக்ட் மேட்ச்தான்," என்றாள் மனைவி. "இதே விஷயத்தை இதே மாதிரி தேடறவனுக்கு மட்டும்தான் காட்டும். தப்பான ஆள் ஒருத்தன்கூட உள்ளே வர மாட்டான்."

வரவில்லை. ஒரே வாரத்தில் மூன்று அசல் திருடர்கள் வந்தார்கள். கடைக்காரர் பூரித்துப்போனார்.

எட்டாம் நாளிலிருந்து ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. சந்தேகப்பட்டு அவரே தேடிப் பார்த்தார். அவருடைய விளம்பரத்துக்கு மேலே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. 'பாஸ்வேர்டு தெரியாத போனா? கேள்வியே கேட்க மாட்டோம். கையில் உடனே பணம்.'

விளம்பரம் மேலே வர, ஒரு தட்டலுக்குக் கட்டும் ஏலத்தொகையை இவர் ஏற்றினார். மறுநாள் காலை அவர்களும் ஏற்றியிருந்தார்கள்.

"உன் தங்கச்சி புருஷன் வேலைதான் இது!" என்று குதித்தார். சகலை ஒரு காலத்தில் இவருடைய தொழில் கூட்டாளி. முறைத்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் அதே தொழிலை ஆரம்பித்தவன். இவர் கண்ணாடிக் கதவு போட்டால் அவனும் போடுவான். இவர் போர்டின் நிறத்தை மாற்றினால் அவனும் மாற்றுவான்.

"எல்லாத்துக்கும் என் தங்கச்சி வீட்டை இழுக்காதீங்க," என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டினார். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினார். யாரோ ஒரு புதுக்குரல் விலாசம் சொன்னது. ஆள் வைத்துப் பேசுகிறான், கெட்டிக்காரன்! வெறுங்கையோடு போனால் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று, பின்பக்க டிராயரிலிருந்து இரண்டு திருட்டு போன்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு தையல் கடையின் மாடி. மேஜைக்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர் போன்களை மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"பாஸ்வேர்டு தெரியாதுங்களே?"

"சத்தியமா தெரியாதுங்க."

"ரொம்ப சந்தோஷம். உள்ளே போய் உட்காருங்க."

உள் அறையில் ஒரே ஒரு பெஞ்சு. அதில், மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சகலை.

"நினைச்சேன்டா! என் தொழில்ல மண்ணை அள்ளிப் போட்டது நீதானே?" கடைக்காரர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

சகலையின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "அண்ணே, நீங்கதான் ரெண்டாவது கடை திறந்துட்டீங்கன்னு நான் வேவு பார்க்க வந்தேன். நானும் கையில ரெண்டு போனோட..."

துண்டு நழுவியது. அவன் கையில் விலங்கு. அதன் இன்னொரு வளையம் காலியாக இருந்தது.

"எங்க ஸ்டேஷன் விளம்பரமும் எக்ஸாக்ட் மேட்ச்தாங்க," என்றபடி கட்டம் போட்ட சட்டைக்காரர் கதவைச் சாத்தினார். "இதுவரைக்கும் தப்பான ஆள் ஒருத்தர்கூட உள்ளே வரல."