கழுவும் மருந்து

மாதாமாதம் என் மனைவி சுடரொளியின் மலத்திலிருந்து எடுத்த குடல் நுண்ணுயிர்களை எனக்குள் ஏற்றித்தான் பெருங்குடல் புண்ணை அடக்கி வைத்திருந்தார்கள். போன மாதம் அவள் விபத்தில் இறந்தாள். இந்த வாரம் எனக்கு மறுபடி இரத்தம் போகத் தொடங்கியது.

மருத்துவமனையில் வேறு யாருடையதோ தயாராக இருந்தது.

“பழையதைச் சுத்தமாக் கழுவிட்டுத்தான் புதுசு வைப்போம், சார்,” என்றார் நர்ஸ்.

“அப்போ இவருக்குள்ள இருக்கிற என் பொண்ணோடது?” என்று கேட்டார் கூட வந்திருந்த மாமியார்.

“அதுவும் போயிடும்மா.”

“என்னோடதை வைம்மா. பிறக்கும்போது அவளுக்கே என்கிட்டேர்ந்துதானே போயிருக்கும்.”

“உங்களுக்குச் சர்க்கரை இருக்கே. எடுக்க மாட்டாங்க.”

நர்ஸ் வைத்திருந்த குடல் கழுவும் மருந்தை மாமியார் வாங்கி என்னிடம் நீட்டினார்.

“குடிச்சிடுங்க மாப்பிள்ளை. நீங்களாவது இருக்கணும்.”

குடித்தேன். உப்புக் கரித்தது. நான் கழிவறைக் கதவைச் சாத்தியதும், வெளியே அவர் மகளின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார்.