திட்டித் தீர்த்த ராக்கெட்

“பள்ளிக்கூடக் கூரை ஒழுகுது. இவங்க கோடி கோடியா வானத்துல கொட்டுறாங்க” என்றார் சலூன்காரர், தபால்காரரின் தாடையில் நுரையை அப்பியபடி. “இந்த நுரை அளவுக்காவது நமக்குப் பிரயோஜனம் உண்டா?”

சுவரில் தொலைக்காட்சி. ராக்கெட் கிளம்ப இன்னும் நான்கு நிமிடம்.

மூலை நாற்காலியில் சலூன்காரரின் மனைவி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்றைக்காவது மனுஷர் சும்மா இருக்கக்கூடாதா?

அவள் மெத்தை உறை தைப்பதாகத்தான் தெருவே நினைத்தது. பூட்டிக் கிடந்த தையல் கம்பெனியைத் திறக்க வைத்ததே இந்த ராக்கெட்தான். அதில் போகும் செயற்கைக்கோளுக்கு, வெயிலும் குளிரும் தாக்காமல் காக்கும் தங்க நிறப் போர்வை தைக்க நாற்பது பெண்களுக்கு வேலை. அவர்களை நம்பி, நின்றுபோன பஸ்கூட மறுபடி ஓடியது.

ஆனால் ராக்கெட் மேலே போகும்வரை யாரிடமும், கட்டின புருஷனிடம்கூட, மூச்சு விடக்கூடாது. விட்டால் வேலை போய்விடும். இன்று ராக்கெட் கவிழ்ந்தாலோ நாற்பது பேருக்கும் வேலை போய்விடும்.

ராக்கெட் எழும்பியது. சலூன்காரரின் கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

பதினேழாவது நிமிடம் செயற்கைக்கோள் தனியாகப் பிரிந்தது. கீழே நீலமாகப் பூமி. மேலே தங்கமாக அது. அதன் இடது மூலை மடிப்பை அவள் மூன்று தடவை பிரித்துத் தைத்திருந்தாள். அவ்வளவு உயரத்தில், இந்தக் கை தைத்த தையல். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“ஏங்க... அது நான் தைச்சது.”

தபால்காரர் பாதி நுரையோடு எழுந்து நின்றுவிட்டார்.

சலூன்காரர் டிராயரைத் திறந்து, ஒரு தீப்பெட்டியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். உள்ளே பொடிப்பொடியாகத் தங்க நிறத் துணுக்குகள்.

“எல்லாம் உன் தலைமுடியில இருந்து எடுத்தது. பேப்பர்ல செயற்கைக்கோள் போட்டோ பாத்த அன்னைக்கே புரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா அப்படித் திட்டினீங்க?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லதா ஒரு வார்த்தை பேசினா, அடுத்த வார்த்தை ‘என் பெண்டாட்டி தைச்சது’ன்னு வந்துடுமே. அந்தப் பயத்துலதான் திட்டிக்கிட்டே இருந்தேன்.”