எட்டு முடிச்சு

"ஒரே டியூப் லைட். ஒரே நீளத்துக்கு வெட்டு. அப்புறம் எதுக்கு டொக்டர் ரெண்டு விதமான நூலு?"

கஜேந்திரன் கேட்டே விட்டான். கேட்காமல் இருக்க அவனால் முடியாது. கொழும்பில் ஆறு வருடமாகத் துணிக்கடையில் நிற்கிறவன். நூலைத் தொட்டாலே தரம் சொல்லிவிடுவான்.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கோயில் திருவிழா. அதற்காகத்தான் லீவில் வந்திருந்தான். பந்தலில் கட்டியிருந்த டியூப் லைட் விழுந்து உடைந்ததில் இரண்டு பேருக்கு முன்கை கிழிந்துவிட்டது. ஒருத்தி அவன் மனைவி துஷாந்தினி. இன்னொருத்தி, ஆட்களை வேலைக்கு அனுப்பும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தினேஸின் மகள் விதுஷா. இருவரும் ஒரே வேனில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

முதலில் விதுஷாவுக்குத் தையல். சின்ன ஊசி, முடி போல மெல்லிய நூல். தோலுக்கு உள்ளேயே ஓடி மறைந்துவிட்டது. வெளியே ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

"தானாவே கரைஞ்சிரும். பிரிக்க வரத் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பினார் டொக்டர் ஸாஹிர்.

அடுத்தது துஷாந்தினி. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி அதே மெல்லிய நூலில் இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்கப் போனாள். டொக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"தங்கச்சி என்ன வேலை செய்றீங்க?"

"கொழுந்து எடுக்கிறேங்க."

"அப்ப அது வேணாம் மிஸ்ஸி. கறுப்பு நைலோன் எடுங்க. தடிச்சது. ஊசியும் பெருசா."

அந்த 'அப்ப'தான் கஜேந்திரனுக்குச் சுருக்கென்று குத்தியது.

எட்டுத் தையல். எட்டும் வெளியே. ஒவ்வொன்றிலும் வால் நீட்டிக்கொண்டு ஒரு முடிச்சு. கொழுந்துச் சாக்கின் வாயைத் தைத்தது போல இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வி.

டொக்டர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வெளியே வாங்குப் பலகையில் தினேஸ் மகளோடு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கைக்கு இதுதான் சரி."

"கைக்குக் கை வித்தியாசமா டொக்டர்?"

"பதினாலு நாள் கழிச்சு வாங்க. நானே நூலை வெட்டிவிடுறேன். அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது."

வெளியே இருந்து தினேஸ் குரல் கொடுத்தார். "டொக்டர் சொன்னாக் கேட்டுக்க தம்பி. என் மகளையே நான் ரெண்டு கிழமைக்கு ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்ல."

பார்வையும் சரியில்லை, பேச்சும் சரியில்லை. இரண்டு பேரும் கூட்டு என்று கஜேந்திரன் முடிவே கட்டிவிட்டான். நல்லதெல்லாம் கணக்கப்பிள்ளை ஐயாமாருக்கு, மிச்சம் மீதி லயத்து வீட்டுத் தொழிலாளிக்கு.

வேனில் திரும்பும்போதே மனைவியின் கட்டை விலக்கிப் படம் எடுத்தான். பதுளையில் இருக்கும் தொழிற்சங்கத் தலைவருக்கு அனுப்பினான். 'ஐயா மகளுக்குப் பட்டு நூல், லயத்து ஆளுக்குச் சாக்கு நூல். இந்த டொக்டர் எங்களுக்கு வேண்டாம்.'

"எதுக்குங்க இதெல்லாம்? காயம் ஆறினாச் சரிதானே" என்றாள் துஷாந்தினி.

"நீ சும்மா இரு. நூலப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மறுநாள் காலை பெரட்டு. வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற இடம். லீவு வேண்டும் என்றாலும் அங்கே வந்து தினேஸிடம்தான் கேட்க வேண்டும். கஜேந்திரனும் துணைக்குப் போனான்.

முன்னால் நின்ற ஒருத்தி காய்ச்சல் என்றாள்.

"நேத்துக் கோயில்ல ஆடுறப்போ காய்ச்சல் இல்லியோ? கொழுந்து எடுக்க மலைக்கு ஏறு" என்றார் தினேஸ்.

துஷாந்தினி டொக்டர் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டினாள். பதினாலு நாள் ஓய்வு என்று எழுதியிருந்தது. தினேஸ் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"துண்டு எழுத டொக்டருக்கு என்ன, கையா வலிக்குது? என் மகளுக்குப் பட்ட அதே கீறல்தானே. கட்ட அவுத்துக் காட்டு, பாப்போம்."

அவள் அவிழ்த்தாள். தினேஸின் முகம் சுருங்கியது.

"அடேங்கப்பா! எட்டு முடிச்சா? இந்தக் கையோட கூடைய இழுத்தா பிச்சுக்கும். அப்புறம் தொரைகிட்ட நான்தான் பதில் சொல்லணும். போ, போ. நூலு வெட்டினப்புறம் வா."

அந்த நேரம் பார்த்து கஜேந்திரனின் போன் அடித்தது. சங்கத் தலைவர்.

"படம் மேலிடத்துக்குப் போயிருச்சு தம்பி. அந்த டொக்டர மாத்தாம விடமாட்டோம்."

கஜேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. போனை மூடியதும் வரிசையில் நின்ற பெண்களிடம் பெருமையோடு சொன்னான்.

"பாத்தீங்களா? தட்டிக் கேட்டாத்தான் நியாயம் கிடைக்கும். டொக்டர மாத்தப் போறாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு நின்ற இராக்கம்மா மட்டும் அவன் பக்கம் வந்தாள். வலது கையை விரித்துக் காட்டினாள். இரண்டு விரல்கள் விரியாமல் மடங்கியே நின்றன.

"போன வருசம் புல்லுக்கத்தி பட்டு இந்தக் கைக்கும் அவருதான் தம்பி தச்சாரு. கணக்கப்பிள்ளை ஐயா மகளுக்குப் போட்டாங்களே, அதே உள்நூலு. மறுநாள் பெரட்டுல 'தையலயே காணோம், நடிக்கிறியா'ன்னு மலைக்கு ஏத்திட்டாங்க. உள்ள பிச்சுக்கிட்டுச் சீழ் வச்சிருச்சு."

தினேஸ் தள்ளிப் போகும்வரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இந்தக் கையப் பாத்து அந்த டொக்டர் மனுசன் அழுதுட்டாரு. அன்னையிலருந்துதான், கொழுந்து எடுக்கிற கைன்னா ஐயா கண்ணுக்குத் தெரியிற நூலாப் பாத்துத் தைக்கிறாரு."