எட்டைத் தாண்டி

மோட்டார் காயில் கட்டும் அடைக்கலத்துக்கு, மனைவி திலகவதி ஸ்கூட்டர் லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்றாவது தடவையும் தோற்றது பொறுக்கவில்லை. எட்டுப் போடும்போது வளைவில் காலை ஊன்றிவிடுகிறாள். பழைய ஹெல்மெட்டுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி, பேட்டரி வைத்து, மதியத் தூக்கத்தில் அவள் தலையில் மாட்டினான். அது வரவைக்கும் ஸ்கூட்டர் கனவில் பழகினால் நிஜத்தில் வந்துவிடும் என்று நம்பினான்.

"எட்டு வந்துச்சா புள்ள?"

"வந்துச்சுங்க. காலே ஊனல. அப்படியே டெஸ்ட் மைதானத்து கேட்டைத் தாண்டிப் போயிட்டேன்."

"எங்க?"

"அதுக்குள்ள எழுப்பிட்டீங்களே! நாளைக்கும் மாட்டி விடுங்க."

மறுநாளும் மாட்டினான். அதற்கடுத்த நாளும். நாளுக்கு நாள் அவள் எழ நேரமானது.

"வழியில நான் எங்கயாச்சும் நிக்கிறனா?" என்று கேட்டான்.

"பாக்கலியே," என்றாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது.

ஐந்தாம் நாள் அவளறியாமல் பேட்டரியைக் கழற்றிவிட்டு மாட்டினான். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய வலது மணிக்கட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகுவதுபோல் மெல்லத் திரும்பியது. கட்டிலுக்கு வெளியே தொங்கிய காலைப் பிடித்துத் தரையில் வைத்தான்.

கண் திறக்காமலே அவள் காலைத் தூக்கிக்கொண்டாள்.