மூக்கரும் மூன்று கிளாசும்

மூன்று கிளாஸ்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு ஒயின் வியாபாரி கையைக் கட்டிக்கொண்டார்.

“அண்ணே, நீங்க கை காட்டுறதுதான். வாசல்ல வண்டி நிக்குது. ஒரு வருஷத்துக்கான பீப்பாயை இறக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

மூக்கர் முதல் கிளாஸை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் நெஞ்சு நிறைய இழுத்தார்.

ஒன்றுமில்லை. காலி கிளாஸை மோந்திருந்தால்கூட ஏதாவது தட்டுப்பட்டிருக்கும்.

தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு தக்காளி அழுகத் தொடங்கினால் இவர் தூக்கத்தில் தும்முவார். மூடி திறக்காத பீப்பாயை மோந்துவிட்டு, திராட்சை பறித்த அன்று மழை பெய்ததா, பறித்தவர்களுக்குள் சண்டையா என்பதுவரை சொல்லிவிடுவார். யாரும் திரும்பிப் பார்க்காத மலிவு ஒயின்களுக்குள் கை விட்டு, ராஜா வீட்டு விருந்துக்குப் போகவேண்டிய ஒன்றை எடுத்து வந்து மண் ஜாடியில் ஊற்றி வைப்பார்.

அந்த ஜாடிக்காகத்தான் பேருந்து ஓட்டுநரும் நர்சும் தபால்காரரும் ஒன்பதே மேசை போட்ட அவருடைய இந்த உணவகத்துக்கு வருகிறார்கள். எதிரே பளிங்குத் தரை போட்டுப் புதிதாகத் திறந்தவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படி ஓட்டப்பட்ட ஈக்களில் ஒன்று இப்போது இந்த மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மூக்கர் இன்னொரு முறை மோந்து பார்த்தார்.

போன மாதம் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கடை மூடிக் கிடந்தது. பிறகு காய்ச்சல் போனது. போகும்போது அவருடைய மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இந்த மூன்று வாரமாக அவருக்கு மிளகும் மணலும் ஒன்றுதான்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் வராது. யாராவது கேட்டால் உளறிவிடுவாள். வியாபாரி காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மூக்குப் போன மூக்கரை நம்பி எவன் ஜாடி கேட்பான்?

அவரிடம் ஒரே ஒரு வழி இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவர் ருசி பார்த்த ஒவ்வொரு ஒயினையும் அவளும் கூடவே ஒரு வாய் பார்த்திருக்கிறாள். ஒயின் நன்றாக இருந்தால் அவளுடைய வலது புருவம், அவளுக்கே தெரியாமல், மேலே ஏறும். அதைப் பிடித்துக்கொண்டால் கரை சேர்ந்துவிடலாம்.

அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளாக அவளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். சூப்பு இறக்கும்போதெல்லாம் கரண்டியை நீட்டி, உப்புப் பார்க்கச் சொல்லுகிறாள். இருபத்திரண்டு வருடத்தில் கேட்காதவள். அவரும் கண்ணை மூடிச் சப்புக்கொட்டி, போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் கிளாஸ். அவர் ஒரு வாய், அவள் ஒரு வாய்.

புருவம் அசையவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கிளாஸ். அவர் ஒயினை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்த ஈ வந்து அவருடைய இடது காதில் உட்கார்ந்தது. கையை வீசி விரட்டினால் ஒரு வருட ஒயினுக்குத் தீர்ப்புச் சொல்பவரின் மானம் என்னாவது? பல்லைக் கடித்தார். காது தானாக ஒரு துடி துடித்தது. ஈ பறந்தது.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

புருவம் ஏறியது. சாதாரணமாக இல்லை, நெற்றியைத் தாண்டிக் கொண்டைக்கே போய்விடும்போல ஏறியது.

மூன்றாவது கிளாஸை இருவரும் மரியாதைக்குத் தொட்டு வைத்தார்கள்.

“ரெண்டாவது,” என்றார் மூக்கர், தூக்குத் தண்டனை எழுதும் நீதிபதியின் குரலில்.

வியாபாரி துள்ளிக் குதித்தார். பீப்பாய்கள் உருண்டு உள்ளே வந்து நிலவறையில் இறங்கின. தெருவிலிருந்த மற்ற பதினோரு கடைகளுக்கும் அவர் வாசலில் நின்றபடியே போன் போட்டார். மூக்கர் எடுத்ததே தங்களுக்கும் போதும் என்று பதினோரு பேரும் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் இறக்கிவிட்டு வண்டி காலியாகக் கிளம்பியது.

மூக்கர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். இனிப் பயமில்லை.

“ஏய், உன் புருவம் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நான் காலி. மூணு வாரமா எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்கும்தாங்க, அதே காய்ச்சல்லேர்ந்து. நல்ல ஒயினா இருந்தா உங்க இடது காது ஆடும்ல? ரெண்டாவதுக்கு ஆடுச்சே, அப்பாடான்னு இருந்துச்சே!”

அடுப்பில் சாயங்காலத்துக்கான சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் திரும்பி அதை ஒருமுறை பார்த்தார்கள்.

பிறகு, சொல்லிவைத்தாற்போல, ஈயைத் தேடினார்கள்.

அது மூன்றாவது கிளாஸின் விளிம்பில் உட்கார்ந்து, முன்னங்கால்களைத் தேய்த்துவிட்டு, தலையைக் குனிந்து குடித்துக்கொண்டிருந்தது.