பத்துக்கு நாலு

பாகூர் ஏரிக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. எட்டாம் வகுப்பில் கரண்ட் இல்லை. அறிவியல் செய்முறை மார்க்குக்காகப் பிள்ளைகள் ஜெயசுதா மிஸ்ஸின் மேசை முன் வரிசையில் நிற்கிறார்கள். ரோஸ்லின் தன் அட்டையை வைக்கிறாள். பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு, சுவிட்சுக்குப் பதில் ஒரு ஊக்கு. ஊக்கை அழுத்தியதும் மேசையில் மஞ்சளாய்க் கொஞ்சம் வெளிச்சம் விழுகிறது. “எரியுது மிஸ்.” மிஸ் ஜன்னலைப் பார்த்தபடி, “ம், போய் ஒக்காரு” என்கிறார். “மார்க்கு மிஸ்?” “எப்பவும் வாங்கறதுதான்டி.” அந்த வெளிச்சத்தில் மார்க் தாள் தெரிகிறது. அவள் பெயருக்கு நேரே பத்துக்கு நாலு. இன்னும் மேசைக்கு வராதவர்களுக்கும் எழுதியாயிற்று. ரோஸ்லின் ஊக்கிலிருந்து விரலை எடுக்கிறாள். அவளுக்குப் பின்னால் புகழ்வேந்தன் தன் பல்பைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.