அசையாத மீசை

குழுப்படம் ஏன் கெட்டது என்று கேட்டுவர, ஆலை முதலாளி தன் மேனேஜர் கனகசபையை ஸ்டூடியோவுக்கு அனுப்பியிருந்தார். படமெடுத்த ஜெசிந்தா நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தாள். வெளிச்சம் கூடினால் நெகட்டிவ் கறுக்கும்; இது கன்னங்கரேலென்று இருந்தது.

"ஃபோகஸ் தப்பிடுச்சாம்மா?"

"இல்ல சார். முதலாளி மீசையைப் பாருங்க, முடி முடியாத் தெரியுது."

"ஸ்டாண்டு ஆடியிருக்குமோ?"

"ஆடினா மீசையும்ல ஆடியிருக்கும்."

நாற்காலியில் முதலாளி தெளிவாக இருந்தார். பின்னால் நின்ற தொழிலாளர்களின் சட்டைப் பொத்தான்கள்கூடத் தெளிவு. அவர்கள் தலைகள் மட்டும் கலங்கியிருந்தன.

படமெடுத்த அன்று ஆலைக்குள் இருட்டு. ஷட்டரைச் சற்று நேரம் திறந்துவைக்க வேண்டும், யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். "இனி ஞாயித்துக்கிழமையும் வேலை. எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டுவிட்டு முதலாளி கேமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டார். அவள் ஷட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைகள் மட்டும் மாட்டோம் என்று இடமும் வலமுமாக ஆடின. அதைப் பார்த்து நின்றவள் விரலை எடுக்க மறந்துபோனாள். தொழிலில் அவள் செய்த பிழைகளில் இது ஒன்றைத்தான் மறைக்கத் தோன்றவில்லை.

"மௌனம் சம்மதம்" என்று சிரித்தபடி எழுந்து போனார் முதலாளி.

ஜெசிந்தா இப்போது பூதக்கண்ணாடியை வரிசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். "நீங்களும்தான் சார்."

கனகசபை தன் கலங்கிய தலையை வெகுநேரம் பார்த்தார்.

"திரும்ப எடுக்கணுமா சார்?"

"எதுக்கு? நல்லாத்தானே வந்திருக்கு. பெரிசாப் போட்டுக் குடுங்க. அவர் நாற்காலிக்கு எதிர்ல நானே மாட்டுறேன்."